பெற்றவர் நெஞ்சில் பிறந்த குழந்தை: வாசகர் கேள்வி - பதில்

பச்சிளங்குழந்தையின் தோல் பற்றியும், பெற்றோர் குழந்தையைத் தோலோடு தோலாக அணைத்து வைத்திருப்பது பற்றியும் வந்த கடிதங்களில் சில இந்த இதழில்.

எனக்கு சிசேரியன். குழந்தையைத் துணியில் சுற்றி முகத்தருகே காட்டிவிட்டு உடனே எடுத்துப் போய்விட்டார்கள். பிறந்ததும் தாயின் நெஞ்சில் போட வேண்டும் என்று இப்போதுதான் படித்தேன். அந்த நேரம் தவறிவிட்டது. இனிமேல் செய்து பயன் உண்டா?
— வாசகி, ஈரோடு

உண்டு, இன்றைக்கே தொடங்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதைச் சொல்லிவிட்டால் மீதி தானாகப் புரியும்.

கருவறையில் சுமார் 37 டிகிரி சூட்டில் இருந்த குழந்தை, உடம்பெல்லாம் ஈரமாக 25 டிகிரி அறைக்குள் வந்து விழுகிறது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு நம்முடையதைவிட மிக அதிகம். தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. கழுத்து, தோள்பட்டை, சிறுநீரகங்களைச் சுற்றியுள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடாக வேண்டும். அந்த எரிப்பில் ரத்தச் சர்க்கரையும் ஆக்சிஜனும் செலவாகின்றன. குளிர்ந்துபோன குழந்தை மூச்சு வாங்குவதும், சர்க்கரை இறங்கித் துவண்டு பால் குடிக்காமல் கிடப்பதும் இதனால்தான். தாயின் வெறும் மார்பில் கிடந்தால் இந்தச் செலவு மிச்சமாகிறது. குழந்தையின் தேவைக்கேற்ப அம்மாவின் மார்புத் தோல் தன் சூட்டை ஏற்றி இறக்குகிறது. குழந்தையின் மூச்சும் நாடியும் சீக்கிரம் சீராகின்றன, அழுகை குறைகிறது. அம்மாவின் தோலில் உள்ள தீங்கற்ற நுண்ணுயிர்கள் குழந்தையின் தோலில் முதலில் குடியேறுகின்றன.

நடைமுறை இதுதான்: பிறந்து அழுத குழந்தையை உலர்ந்த துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். ஈரத்துணியை அகற்றிவிட்டு அம்மாவின் மார்பில் குப்புறப் போட்டு, தலைக்குத் தொப்பி வைத்து, இருவரையும் சேர்த்து வேறொரு உலர்ந்த துணியால் மூட வேண்டும். கைகளை மட்டும் துடைக்காமல் விடுவது நல்லது. அவற்றிலுள்ள பனிக்குட நீரின் மணம் குழந்தை மார்பைத் தேடிப் போக உதவுகிறது. எடை பார்ப்பது, வைட்டமின் கே ஊசி எல்லாம் அந்த ஒரு மணி நேரம் கழிந்த பிறகு நடக்கலாம்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்த சிசேரியனில் தாய் விழித்திருப்பார். இதயத் துடிப்பைக் காட்டும் ஈசிஜி ஒட்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டி, ஒரு கையையாவது கட்டாமல் விட்டு, குழந்தையை மார்புக்குக் குறுக்காகப் படுக்க வைக்கலாம். செவிலியர் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முழு மயக்கம் கொடுத்திருந்தால், தாய் தெளியும் வரை அப்பா மார்பில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த பிரசவம் உண்டென்றால் ஒன்பதாம் மாதமே மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். மேசையில் படுத்த பிறகு கேட்பது கடினம்.

இப்போது வீட்டில்: பசிக்கு அழத் தொடங்கும் முன்பே, குழந்தை வாயைச் சப்புக்கொட்டும்போதோ கையை வாய்க்குக் கொண்டுபோகும்போதோ, டயப்பர் மட்டும் போட்டு உங்கள் வெறும் மார்பில் வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். தையல் வலித்தால் சாய்ந்து படுத்து, குழந்தையைச் சற்றுப் பக்கவாட்டாக, கால்கள் வயிற்றில் படாதபடி வைத்துக்கொள்ளுங்கள். மார்பைப் பிடிக்க மறுக்கும் குழந்தைக்கும் தூங்கியே கிடக்கும் குழந்தைக்கும் பிறந்து சில வாரங்கள் கழித்தும் இது பலன் தருகிறது.

குழந்தை மேல் வெள்ளையாக மாவு போல ஒட்டியிருந்தது. “அழுக்கு, உடனே குளிப்பாட்டு” என்கிறார் மாமியார். நர்ஸ் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, மன்னார்குடி

நர்ஸ் சொல்வது சரி. அந்த வெள்ளைப் பூச்சுக்கு வெர்னிக்ஸ் என்று பெயர். அதில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர், மீதி கொழுப்பும் புரதமும். அந்தப் புரதங்களில் கிருமியை எதிர்ப்பவையும் உண்டு. பனிக்குட நீரில் மாதக்கணக்காக ஊறியும் குழந்தையின் தோல் கெடாமல் காத்தது அதுதான். ரத்தம் ஒட்டியிருந்தால் அதை மட்டும் துடைத்துவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள். ஓரிரு நாளில் தோலில் இழுத்துக்கொள்ளும்.

முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போட உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எடை குறைந்த குழந்தைக்கு மருத்துவர் சொல்லும்வரை துடைத்து விடுவதே போதும். (தாய்க்கு எச்.ஐ.வி. அல்லது ஹெபடைடிஸ் பி இருந்தால் குளியல் நேரத்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.) குளிப்பாட்டும்போது விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, முழங்கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாகத் தெரியும் நீரில் 5 நிமிடத்துக்குள் முடியுங்கள். பிறந்தபோது தோலின் அமிலத்தன்மை குறைவாக இருக்கும், அது ஏறுவதற்கு நாட்கள் ஆகும். கிருமியைத் தடுக்கும் அந்த அமிலப் படலத்தைக் காரமான சோப்பு கலைத்துவிடும். அதனால் முதல் வாரங்களில் வெறும் தண்ணீரே போதும். கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளைத் தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, உடனே உங்கள் மார்பில் போட்டுக்கொள்ளுங்கள். குளித்த பின் வரும் குளிர்ச்சிக்கு அதுவே மருந்து.

32 வாரத்தில் பிறந்த என் மகள் 1 கிலோ 600 கிராம். எஸ்.என்.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தை சிறப்புக் கவனிப்புப் பிரிவு) இருக்கிறாள். “கங்காரு கேர் கொடுங்கம்மா” என்கிறார்கள். டியூப் போட்டிருக்கும் பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது. இன்குபேட்டரைவிட என் நெஞ்சு எப்படிப் பாதுகாப்பு?
— வாசகி, திருநெல்வேலி

பயம் நியாயமானது. ஆனால் குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்து வளர்க்கும் இந்தக் கங்காரு முறை, உங்கள் மகளைப் போன்ற குழந்தைகளுக்காகவே உருவானது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத் தாய்-சேய் மருத்துவமனையில் இன்குபேட்டர் போதாமல், ஒன்றிலேயே இரண்டு மூன்று குழந்தைகளை வைத்து, தொற்றுப் பரவி இறப்பு கூடியது. அங்கிருந்த மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, குழந்தைகளைத் தாயின் மார்பில் நிமிர்த்தி வைத்து, தாய்ப்பால் கொடுத்து வளர்க்கும் வழியைத் தொடங்கினார். எக்டர் மார்ட்டினெஸ் அதில் அவரோடு சேர்ந்துகொண்டார்.

இயந்திரம் இல்லாத குறைக்காக வந்தது என்பதால் இது இரண்டாந்தரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகளைக் கொண்ட ஆய்வு 2021இல் வெளியானது. இந்தியாவில் அது நடந்த இடம் டில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. பிறந்தவுடனே கங்காரு கவனிப்பு தொடங்கிய குழுவில் முதல் 28 நாளில் இறந்தவர்கள் 12 சதவீதம். உடல்நிலை சீராகும்வரை இன்குபேட்டரிலோ வார்மர் என்ற சூடூட்டும் கருவியிலோ வைத்து, அதன் பிறகு தொடங்கிய குழுவில் 15.7 சதவீதம். அதாவது நான்கில் ஒரு பங்கு இறப்பு குறைந்தது. இந்த வேறுபாடு தெளிவானதும் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். உடல் குளிர்ந்துபோவதும் தொற்றும்கூடக் குறைந்திருந்தன. 2022 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். வென்டிலேட்டர் தேவைப்படும் குழந்தை, தானாக மூச்சுவிடாத குழந்தை, ரத்த ஓட்டம் சரிந்த நிலையில் உள்ள குழந்தை ஆகியோருக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். மூக்கு வழியே பால் குழாய் இருப்பது தடையே இல்லை. மார்பில் இருக்கும்போதே குழாயில் பால் விடலாம்.

முன் திறக்கும் நைட்டி அல்லது சட்டை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளாடை வேண்டாம். குளித்து, நகம் வெட்டி, வளையல், சங்கிலி கழற்றி, மார்பில் பவுடரோ செண்டோ போடாமல் வாருங்கள். உட்காரும் முன் தண்ணீர் குடித்து, கழிவறை போய்விட்டு வந்துவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் அரை மணியில் முதுகு விட்டுப்போகும். சாய்வு நாற்காலியிலோ தலையணை அடுக்கிய கட்டிலிலோ பின்னால் சாய்ந்து இருங்கள்.

தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும் போட்ட குழந்தையை இரு மார்புகளுக்கும் நடுவே நிமிர்ந்த வாக்கில் வைப்பார்கள். குழாய்களைப் பார்த்துக்கொள்வது செவிலியர் வேலை, அதை அவரிடமே விட்டுவிடுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மிக லேசாகப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். கைகள் மடங்கி உங்கள் மேலும், கால்கள் தவளைக் கால் போல அகன்று மடங்கியும் இருக்கட்டும். குழந்தையின் வயிறு உங்கள் மேல்வயிற்றில் படும். பிறகு குழந்தையை உங்களோடு சேர்த்துக் கட்டும் கட்டுத்துணி. அதன் மேல் ஓரம் குழந்தையின் காதுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். இறுக்கம் குழந்தையின் நெஞ்சுப் பகுதியில் வரட்டும், வயிற்றை அழுத்தினால் மூச்சுக்குத் தடை.

தவறு பெரும்பாலும் நடப்பது கழுத்தில்தான். தாடை நெஞ்சில் படியும்படி தலை முன்னால் தொங்கினால் குழந்தையின் மூச்சுக்குழாய் அடைபட்டுவிடும். கட்டுத்துணி தளர்ந்து குழந்தை கீழே சரியும்போது இது நேர்கிறது. வாயும் மூக்கும் எப்போதும் உங்கள் கண்ணில் படட்டும், உதட்டின் நிறத்தைப் பாருங்கள். அடுத்த தவறு, பத்து நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுவது. குறைமாதக் குழந்தைக்குத் தூக்கி மாற்றுவதே ஒரு சிரமம். அந்தச் சிரமம் தீர்ந்து அமைதியாவதற்குள் மறுபடி தூக்கக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக வைக்க வேண்டாம்.

சூடு போதுமா என்று தெரிய, கையின் பின்புறத்தால் குழந்தையின் பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பு என்றால் சரி. பாதம் சில்லென்று, வயிறு மட்டும் கதகதப்பு என்றால் குழந்தை குளிரோடு போராடுகிறது. இரண்டும் சில்லென்றால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். அக்குளில் தெர்மாமீட்டர் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் தொடருங்கள். இரண்டரை கிலோ நெருங்கும்போது குழந்தையே நெளிந்து, உதைத்து, வெளியே வரப் பார்க்கும். அப்போது நிறுத்தலாம்.

நான் அப்பா. நானும் இப்படி வைத்துக்கொள்ளலாமா? மார்பில் முடி இருப்பது குழந்தைக்கு ஆகாது என்கிறார் அத்தை.
— வாசகர், மதுரை

தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முடியை மழிக்கவும் வேண்டாம், மழித்த மறுநாள் முளைக்கும் கூர்முடிதான் உறுத்தும். அப்பாவின் மார்பும் குழந்தையின் சூட்டைக் காக்கும், மூச்சைச் சீராக்கும். அம்மா தூங்கவும் குளிக்கவும் நேரம் கிடைக்கும். நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் ஒருவர் மட்டுமே சுமப்பது நடக்கிற காரியம் இல்லை, பாட்டியும் பங்கு போட்டுக்கொள்ளலாம். சிகரெட் பழக்கம் இருந்தால் அந்தப் புகை உங்கள் உடம்பிலும் சட்டையிலும் தங்கும். குழந்தை இருக்கும் வீட்டில் அதை விட்டுவிடத்தான் வேண்டும். சளி, இருமல் இருந்தால் முகக்கவசம் போடுங்கள். சொறி, சீழ்க்கொப்புளம், அம்மை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தூக்க வேண்டாம்.

குழந்தை மார்பில் இருக்கும்போது எனக்குக் கண்ணைச் சொருகுகிறது. அப்படியே தூங்கலாமா?
— வாசகி, காரைக்கால்

சோஃபாவிலோ நாற்காலியிலோ, கட்டுத்துணி இல்லாமல், பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒருபோதும் தூங்காதீர்கள். நல்லாயிருந்த நிறைமாதக் குழந்தை பிறந்த முதல் சில மணி நேரத்திலேயே தாயின் மார்பில் சத்தமின்றி மூச்சு நின்றுபோன துயரங்கள் உண்டு. மூக்கு அமுங்கியதையோ கழுத்து மடிந்ததையோ களைத்த தாய் கவனிக்காமல் போவது அதற்கு ஒரு காரணம். வலி மருந்து, மயக்க மருந்து உடம்பில் இருக்கும்போது இந்த ஆபத்து கூடுதல். கண் சொருகத் தொடங்கியதும் குழந்தையை வேறொருவரிடம் கொடுங்கள், அல்லது சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கங்காரு வார்டில் கட்டுத்துணி சரியாகக் கட்டி, சாய்வாகப் படுத்து, செவிலியர் மேற்பார்வையில் தாய்மார் தூங்குவது வேறு. போன் பார்ப்பதும் கவனத்தை அதே அளவு திருடும்.

பிறந்து மூன்றாம் நாள் உடம்பெங்கும் சிவப்புத் திட்டு, நடுவில் மஞ்சளாகப் புள்ளி. பால் சூடு என்கிறார்கள். இடுப்பில் நீலமாகவும் இருக்கிறது.
— வாசகி, கடலூர்

இதற்கும் உங்கள் பாலுக்கும் சம்பந்தமில்லை, பத்தியம் இருக்கவும் வேண்டாம். நிறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு மூன்று நாளில் இப்படி வரும். காலையில் மார்பிலும் மாலையில் முதுகிலுமாக இடம் மாறும், உள்ளங்கை, உள்ளங்காலில் வராது, ஓரிரு வாரத்தில் மறையும். எதுவும் பூச வேண்டாம். மூக்கில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளும், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தோல் உரிவதும் தானாகச் சரியாகும். இடுப்பில், பிட்டத்தில் உள்ள நீலம் நிறமிதான், அடிபட்டது அல்ல. சில வருடங்களில் மங்கும். மருத்துவக் குறிப்பேட்டில் அதை எழுதச் சொல்லுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை வேறு: சீழ்க்கொப்புளங்கள் பத்தோ அதற்கு மேலோ இருப்பது, நீர்க்கொப்புளம், தொப்புளைச் சுற்றிச் சிவந்து பரவுவது, உதடும் நாக்கும் நீலமாவது (பிறந்த முதல் நாள் கை கால் மட்டும் நீலமாக இருப்பது இயல்பு), நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, பால் குடிக்காமல் துவள்வது. 24 மணி நேரத்துக்குள் வரும் மஞ்சள் காமாலையும், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கிய மஞ்சளும் இதில் சேரும். நம் குழந்தைகளின் நிறத்தில் மஞ்சள் எளிதில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் நெற்றியையும் நெஞ்சையும் விரலால் அழுத்தி எடுத்து, வெளுத்த இடம் மஞ்சளா என்று பாருங்கள். இளவெயிலில் காட்டுவது காமாலைக்கு வைத்தியம் ஆகாது. அதை நம்பிக் காத்திருந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் உண்டு.

எண்ணெய் தேய்ப்பது, பயத்தமாவு, பவுடர், மை, சாம்பிராணி. எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம்?
— வாசகி, தஞ்சாவூர்

எண்ணெய் தேய்ப்பதை வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒருவகைத் தொடுகைதான். மெதுவான வருடலுக்கென்றே பதில் சொல்லும் நரம்பிழைகள் தோலில் உண்டு. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போது அவை நன்கு வேலை செய்கின்றன. கால் நீட்டி, குழந்தையைப் போட்டு நிதானமாக நீவும் பாட்டியின் கை வேகம் ஏறக்குறைய அதுதான். உடம்புக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் போதும். புண், சிவப்பு உள்ள இடத்தில் வேண்டாம். கடுகு எண்ணெய் தோலை எரிச்சலூட்டும். பால் குடித்து முக்கால் மணி நேரமாவது கழித்துச் செய்யுங்கள்.

ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக்கூடாது. மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். குழந்தையின் மார்பு வீங்கியிருக்கிறதே என்று பால் பிதுக்குவது மிகப் பெரிய கெடுதல். அம்மாவின் ஹார்மோனால் ஆண், பெண் இரண்டு குழந்தைக்கும் அந்த வீக்கம் வரும், தானே வற்றும். பிதுக்கினால் சீழ் கட்டி, கத்தி வைக்க நேரும். மூக்கை நீவி எடுப்பாக்குவது, தலையை அழுத்தி உருட்டுவது இரண்டும் தேவையற்றவை. பூனைமுடி உதிர மாவு தேய்க்க வேண்டாம், சில வாரங்களில் அது தானே உதிரும், தேய்ப்பில் கீறல்தான் மிஞ்சும். பவுடர் மூச்சில் ஏறும், மடிப்பில் கட்டியாகி உரசும். மையில் ஈயம் இருக்கக்கூடும், கண்ணில் தொற்றும் வரும். சாம்பிராணிப் புகை குழந்தையின் நுரையீரலுக்குப் புகைதான். முடியைத் துண்டால் ஒற்றினாலே காய்ந்துவிடும்.

சித்திரை வெயிலில் தோலோடு தோல் வைத்தால் வேர்க்குரு வராதா?
— வாசகி, வேலூர்

வேர்க்குருவுக்குக் காரணம் அடுக்கடுக்கான துணியும் காற்றில்லாத அறையும். நிறைமாதக் குழந்தைக்குத் தொப்பி, போர்வையை எடுத்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணி ஒன்று மட்டும் முதுகில் போடுங்கள். மின்விசிறி சுழலலாம், காற்று நேராகக் குழந்தை மேல் வீச வேண்டாம். இருவரும் வியர்த்தால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். கழுத்துப் பின்புறம் வியர்த்து, முகம் சிவந்து, குழந்தை சிணுங்கினால் சற்று நேரம் எடுத்துவிடுங்கள்.

ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போகிறோம். அப்போதும் இது உதவுமா?
— வாசகி, நாமக்கல்

நன்றாக உதவும். ஊசிக்கு 10 - 15 நிமிடம் முன்பே மார்பில் வைத்துக்கொள்ளுங்கள். அழத் தொடங்கிய பிறகு வைப்பதைவிட இது மேல். தொடை மட்டும் வெளியே தெரியும்படி உட்கார்ந்தால் செவிலியருக்குச் சிரமம் இருக்காது. பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி போடுவது வலியை இன்னும் குறைக்கும், புரையேறும் என்று பயப்பட வேண்டாம். முன் திறக்கும் உடையில் போங்கள், கூட்டமான இடமென்றால் ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும், அது குழந்தையின் முகத்தை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ, எண்ணெய் தடவவோ வேண்டாம்.